ஜீப்புக்குப் பின்னால் வந்த வண்டி



போன மாதம் தேர்தல் வேலைக்கு ஜீப்பில் போன கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் பழைய மாணவன் ஒருவன் அமெரிக்காவிலிருந்து தனியாகச் செய்தி அனுப்பினான். எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பஸ்களை எண்ணிக்கொண்டிருந்தவன். இன்று ஓஹியோ மாநிலத்தில் வேலை, சொந்த வீடு. பெயர் போட வேண்டாம் என்றான், போடவில்லை.

"டீச்சர், நான் வாங்கின வீட்டுக்குப் பின்னாடி ஒரு பழைய டிரெய்லர் கிடக்கு. ரெண்டு சக்கரம், தகரத் தொட்டி, நாலஞ்சு தடவை பெயின்ட் அடிச்சிருக்காங்க. பக்கத்து வீட்டுப் பெரியவர் இது மிலிட்டரி வண்டி, வில்லிஸ் ஜீப்போடது என்கிறார். இன்னொருத்தர் அதெல்லாம் இல்லை, யாரோ வீட்டில் செய்தது, காயலான் கடைக்குப் போடு என்கிறார். நீங்க ஜீப் கதை எழுதினீங்களே, இது என்னன்னு சொல்லுங்க."

கூடவே மூன்று புகைப்படங்கள். கிணற்றடியில் கிடக்கும் கல்தொட்டியைப் போல ஒரு தகரத் தொட்டி. அதற்குள் காய்ந்த இலைகள், மேலே ஒரு பூனை.

படத்தைப் பார்த்ததும் எனக்கு ஏழெட்டு வயது ஆகிவிட்டது. எங்கள் ஊருக்குக் கொசு மருந்து அடிக்க வரும் சுகாதாரத் துறை ஜீப்புக்குப் பின்னால் இப்படித்தான் ஒரு குட்டி வண்டி ஆடிக்கொண்டே வரும். அதில் மருந்து டப்பாக்களும் பம்புகளும் இருக்கும். நாங்கள் ஜீப்பை விட்டுவிட்டு அந்தக் குட்டி வண்டிக்குப் பின்னால்தான் ஓடுவோம். "ஜீப்போட குட்டி" என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம்.

ஆனால் ஆசை வேறு, விவரம் வேறு. எங்கள் வீட்டில் விவரம் தெரிந்தவர் என் பெரிய அண்ணன். ராணுவத்தில் வண்டி பழுது பார்க்கும் பிரிவில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். படங்களை அவருக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தேன். "பெயின்டைப் பார்த்து வண்டியை எடை போடாதேம்மா. பச்சை பெயின்ட் ஒரு டப்பா யாரும் வாங்கலாம். அச்சு, சக்கரம், தொட்டி, தகடு. இந்த நாலையும் பார்க்கச் சொல்" என்றார். அன்றிலிருந்து மூன்று வாரம் நானும் அண்ணனும் மாணவனும் போனில் வகுப்பு நடத்தினோம். அதன் குறிப்புத்தான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கும். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் கொஞ்சம் வரலாறு.

ஜீப் சின்ன வண்டி. நாலு பேர் ஏறினால் மூட்டை வைக்க இடமில்லை. போர்முனையில் ஆட்களோடு குண்டுகள், தண்ணீர் கேன், ரேடியோ, உணவு எல்லாம் போக வேண்டும். அதற்காக ஜீப்புக்கென்றே அளவெடுத்துச் செய்ததுதான் கால் டன் டிரெய்லர். அமெரிக்கக் கணக்கில் ஒரு டன் என்பது 2,000 பவுண்டு. ஆகவே கால் டன் என்பது 500 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 227 கிலோ. கரடுமுரடான நிலத்தில் இழுத்துப் போகும் பாரம் அது.

இதை வடிவமைத்தவர்களின் யோசனையைப் பாருங்கள். டிரெய்லருக்கு ஜீப்பின் சக்கரமே போட்டார்கள். 6.00-16 என்ற அதே டயர் அளவு. வழியில் எந்தச் சக்கரம் போனாலும் ஒன்றை மற்றொன்றுக்கு மாட்டிக்கொள்ளலாம். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே உள்ள அகலமும் ஜீப்பினுடையதுதான். ஜீப் போன தடத்திலேயே டிரெய்லரும் போகும், சேற்றில் புதிதாக வழி வெட்ட வேண்டியதில்லை. தொட்டியைச் சுற்றி ஒரு ஓட்டைகூட இல்லாமல் அடைத்து, பின்கதவும் வைக்காமல் விட்டார்கள். ஏன்? ஆற்றில் இறங்கினால் தொட்டி படகு போல மிதக்க வேண்டும். மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டச் சுற்றிலும் கொக்கிகள். மழைத் தண்ணீர் உள்ளே தேங்கினால் வெளியே விடத் தரையில் அடைப்பான்கள். நிறுத்தி வைக்கும்போது உருளாமல் இருக்க ஒரு கை பிரேக். ஜீப்பிலிருந்து கழற்றியதும் மூக்கு குப்புற விழாமல் இருக்க முன்னால் மடக்கும் கால் ஒன்று. நம் மாட்டு வண்டிக்கு மாட்டை அவிழ்த்ததும் முட்டுக் கொடுப்போமே, அதே வேலை.

இந்த வண்டி விமானத்திலும் போயிருக்கிறது. 1944 ஜூனில் நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது எஞ்சின் இல்லாத கிளைடர் விமானங்களில் ஜீப்புகளையும் இந்த டிரெய்லர்களையும் ஏற்றி இறக்கினார்கள். நம் பக்கத்தில் பர்மா போர்முனையிலும் ஜீப்பும் டிரெய்லரும் ஓடின. போர் முடிந்து 1947ல் மகிந்திரா நிறுவனம் நம் நாட்டில் வில்லிஸ் ஜீப்பை இறக்கிப் பூட்டத் தொடங்கியது. பிறகு அரசாங்க ஜீப் போன ஊருக்கெல்லாம் அதன் குட்டியும் போனது. நான் பின்னால் ஓடியது அந்த வம்சத்தில் ஒன்று.

சரி, இதை யார் செய்தார்கள்? இங்கேதான் கதை இருக்கிறது.

பென்சில்வேனியா மாநிலத்தில் பட்லர் என்று ஓர் ஊர். அங்கே அமெரிக்கன் பேன்டம் என்ற சிறிய கார் கம்பெனி இருந்தது. பேன்டம் என்றால் குட்டை இனக் கோழி. பெயருக்கு ஏற்றபடி கம்பெனியும் குட்டை, அது செய்த காரும் குட்டை. இங்கிலாந்தின் ஆஸ்டின் கம்பெனியின் குட்டிக் காரை அமெரிக்காவில் செய்து விற்க ஆரம்பித்த கம்பெனி அது. பெரிய கார் மோகம் பிடித்த நாட்டில் அது விலை போகவில்லை. ஒருமுறை திவாலாகி, கைமாறி, பேன்டம் என்று புதுப் பெயர் வைத்து எழுந்தது. அப்போதும் நொண்டிக்கொண்டுதான் இருந்தது.

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது. நாலு சக்கரத்துக்கும் விசை போகிற சின்ன உளவு வண்டி வேண்டும். மாதிரி வண்டியை 49 நாளில் தர வேண்டும். 75 நாளில் 70 வண்டி தர வேண்டும். பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் சிரித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டன. பதில் போட்டவை இரண்டே இரண்டு, பேன்டமும் வில்லிஸும். வில்லிஸ் கூடுதல் நாள் கேட்டது. பேன்டம் 49 நாளுக்கு ஒப்புக்கொண்டது.

ஒப்புக்கொண்டதே தவிர, அந்தக் கம்பெனியில் அப்போது பொறியாளர்கூட இல்லை. டெட்ராய்ட்டிலிருந்து கார்ல் புரோப்ஸ்ட் என்பவரை வரவழைத்தார்கள். அவர் வந்து உட்கார்ந்து இரண்டே நாளில் வண்டியின் வரைபடத்தைப் போட்டு முடித்தார். அதை வைத்துக் கையாலேயே ஒரு வண்டியைச் செய்தார்கள். 1940 செப்டம்பர் 23, கெடுவின் கடைசி நாள். பட்லரிலிருந்து மேரிலாந்தில் இருந்த ஹோலாபேர்ட் ராணுவ முகாமுக்கு அந்த வண்டியை ஓட்டிக்கொண்டே போனார்கள். மாலை 5 மணிக்குக் கெடு. அரை மணி நேரம் இருக்கும்போது உள்ளே நுழைந்தார்கள். உலகத்தின் முதல் ஜீப் அதுதான்.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். சோதனையில் வண்டி தேறியது. ஆனால் ராணுவத்துக்கு ஒரு கவலை. இந்தச் சின்னப் பட்டறை ஆயிரக்கணக்கில் வண்டி செய்து தருமா? வில்லிஸ், ஃபோர்டு ஆட்களைச் சோதனையை வந்து பார்க்க அனுமதித்தார்கள். பேன்டத்தின் வரைபடங்களும் அவர்கள் கைக்குப் போயின. அந்த ஆண்டு நவம்பரிலேயே இருவரும் தங்கள் மாதிரியோடு வந்து நின்றார்கள். வில்லிஸ் வண்டியின் எஞ்சினுக்கு 60 குதிரைத் திறன், நல்ல இழுவை. 1941ல் பெரிய ஆர்டர் வில்லிஸுக்குப் போனது. அதே மாதிரியில் செய்து தர ஃபோர்டும் சேர்ந்தது. போர் முடிவதற்குள் இருவருமாகச் செய்தது 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள். பேன்டம் செய்தது மூவாயிரம்கூட இல்லை.

பேன்டத்துக்கு என்ன கிடைத்தது? டிரெய்லர்.

ஆமாம். ஜீப்பை முதலில் செய்தவனுக்கு ஜீப்பின் பின்னால் கட்டி இழுக்கும் தொட்டியைச் செய்யும் வேலை கிடைத்தது. அவர்கள் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தவில்லை. 70 ஆயிரத்துக்கும் மேல் செய்து கொடுத்தார்கள். நன்றாகவும் செய்தார்கள், 80 வருஷம் கழித்தும் அந்தத் தொட்டிகள் இருக்கின்றன. பேன்டம் செய்த டிரெய்லருக்கு டி-3 என்று பெயர். தேவை அதிகமானபோது வில்லிஸும் அதே மாதிரி டிரெய்லர் செய்தது. அதன் பெயர் எம்பிடி.

இப்போது மாணவனின் வண்டிக்கு வருவோம். அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதி அனுப்பிய குறிப்பை அப்படியே தருகிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படலாம்.

ஒன்று, அச்சைக் குனிந்து பார். இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் அச்சின் நடுவில் குடம் மாதிரி உருண்டை இருந்தால், அது ஏதோ பழைய கார் அல்லது லாரியின் பின் அச்சு. யாரோ வீட்டில் பற்ற வைத்துச் செய்த டிரெய்லர். அப்படிப்பட்டவை அமெரிக்காவில் ஏராளம். ராணுவ டிரெய்லருக்கு எஞ்சின் விசை போக வேண்டியதில்லை, எனவே அச்சு நேராக, குடம் இல்லாமல் இருக்கும்.

இரண்டு, பின்பக்கம் கதவு இருக்கிறதா? போர்க்காலத்து டி-3, எம்பிடி இரண்டுக்கும் பின்கதவு கிடையாது. மிதக்க வேண்டிய தொட்டிக்குக் கதவு வைத்தால் தண்ணீர் புகுந்துவிடும். கதவு இருந்தால் இரண்டு விதமாக இருக்கலாம். போருக்குப் பிறகு விவசாயிகளுக்காக பேன்டம் செய்து விற்ற டி-3 சி என்ற வகையாக இருக்கலாம். அல்லது பிற்காலத்தில் யாரோ தொட்டியை வெட்டிக் கதவு வைத்திருக்கலாம். வெட்டியிருந்தால் ஓரத்தில் வெல்டிங் தழும்பு தெரியும். கம்பெனிக் கதவுக்கு அந்தத் தழும்பு இருக்காது.

மூன்று, டயர் அளவைப் படி. 6.00-16 என்றால் போர்க்காலத்து ஜீப்பின் ஜோடி என்று நினைக்கலாம். 7.00-16 என்றால் பின்னால் வந்த வண்டியாக இருக்க வாய்ப்பு. ஆனால் டயரை மட்டும் நம்பாதே. 80 வருஷத்தில் எத்தனை பேர் மாற்றினார்களோ!

நான்கு, மட்கார்டைப் பார். 1950களில் ராணுவத்துக்கு எம்-38 என்ற புது ஜீப் வந்தது. அதற்கு ஜோடியாக எம்-100 என்ற டிரெய்லர் வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் பழைய பேன்டம் போலவே இருக்கும், மட்கார்டும் அதே மாதிரி வளைந்திருக்கும். வித்தியாசம் டயரிலும் மின்சாரத்திலும். போர்க்காலத்து ஜீப்புக்கு 6 வோல்ட், எம்-38க்கு 24 வோல்ட். அதன் பிறகு 1960களில் எம்-151 என்ற வண்டிக்கு ஜோடியாக வந்தது எம்-416. இதன் தொட்டி பெட்டி போல நேராக இருக்கும். மட்கார்டு வளையாமல் மேலே தட்டையாக வந்து இரண்டு முனையிலும் சரிந்து இறங்கும். இதைச் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடிக்கும்.

ஐந்து, மூக்கைப் பார். ராணுவ டிரெய்லரின் முனையில் கனமான இரும்பு வளையம் இருக்கும். ஜீப்பின் பின்னால் உள்ள கொக்கியில் அதை மாட்டிப் பூட்டுவார்கள். சாதாரணக் காரில் இழுப்பதற்காகப் பலர் அதை அறுத்துவிட்டு உருண்டைக் கொக்கி மாட்டும் கிண்ணத்தை வைத்துவிடுவார்கள். கிண்ணம் இருப்பதாலேயே ராணுவ வண்டி இல்லை என்று முடிவு கட்டாதே. வளையம் இருந்த இடத்தில் தழும்பு இருக்கிறதா என்று தேடு.

ஆறு, உருவத்தைப் பார். தொட்டி பெரிதாக, சக்கரம் லாரிச் சக்கரம் போல உயரமாக, பக்கங்களில் சட்டம் வைத்து, பின்கதவும் இருந்தால் அது ஜீப்பின் ஜோடியே இல்லை. ஒரு டன் டிரெய்லர், டாட்ஜ் போன்ற பெரிய வண்டிகள் இழுத்தது. அதைப் பல கம்பெனிகள் செய்தன. ஆனால் மில்வாக்கி நகரத்து பென்-ஹர் கம்பெனியின் பெயரே எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது. அதிலேயே 250 காலன் தண்ணீர்த் தொட்டி வைத்த வகையும் உண்டு. இங்கிலாந்து ராணுவத்தில் லேண்ட் ரோவருக்குப் பின்னால் போனவை வேறு வம்சம். அவற்றில் அதிகம் கேள்விப்படுவது சாங்கி என்ற பெயர். அதிலும் அகலத் தடம், குறுகிய தடம் என்று இரண்டு வகை.

ஏழு, கடைசியாகத் தகடு. இதுதான் சாட்சி. போர்க்காலத்து டி-3யையும் எம்பிடியையும் பக்கத்தில் நிறுத்தினால் இரட்டைப் பிள்ளைகள்தான். பத்தடி தூரத்திலிருந்து யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. செய்தவர் பெயர், வரிசை எண், ராணுவத்திடம் ஒப்படைத்த தேதி எல்லாம் ஒரு சின்னத் தகட்டில்தான் இருக்கும். ஆனால் இப்போது புதுத் தகடு அடித்து விற்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் சட்டத்தில் எண் பொறித்திருந்தால் அதையும் தகட்டையும் ஒப்பிட்டுப் பார். தொட்டி ஒரு வண்டியுடையதாகவும் சட்டம் இன்னொரு வண்டியுடையதாகவும் இருப்பதும் சகஜம்.

இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். "டீச்சர், பரீட்சைக்கு முந்தின நாள் குறிப்பு கொடுத்த மாதிரி இருக்கு" என்று பதில் வந்தது.

அடுத்த சனிக்கிழமை அவனும் அவன் மகளும் பூனையை விரட்டிவிட்டுக் குனிந்து பார்த்தார்கள். அச்சில் குடம் இல்லை. பின்கதவு இல்லை. தரையில் அடைப்பான்கள் இருந்தன, இலைக் குப்பையில் மூடிப் போயிருந்தன. டயர் 6.00-16. மூக்கில் வளையம் போய்க் கிண்ணம் வந்திருந்தது. தகடு மட்டும் காணோம். அடுக்கடுக்காகப் பெயின்ட் ஏறி எது தொட்டி எது தகடு என்றே தெரியவில்லை. உப்புக் காகிதம் போட்டுத் தேய்க்கவா என்று கேட்டான். அண்ணன் பதறிப் போனார். "தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். விரலால் தடவிப் பார்க்கச் சொல். நாலு மூலையில் ரிவிட் தலை தட்டுப்படும். கிடைத்தால் பெயின்ட் எடுக்கும் மருந்தைத் துணியில் தொட்டு மெதுவாகத் துடைக்கச் சொல். கையுறை போடச் சொல்" என்றார்.

மகளின் விரலுக்குத்தான் முதலில் தட்டுப்பட்டதாம். ஞாயிற்றுக்கிழமை இரவு நம் நேரப்படி பதினொன்றரை மணிக்குப் படம் வந்தது. கறுத்துப் போன சின்னத் தகடு. அமெரிக்கன் பேன்டம் கார் கம்பெனி, பட்லர், பென்சில்வேனியா. ஒப்படைத்த ஆண்டு 1943.

வில்லிஸ் என்று சொன்ன பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கூட்டி வந்து காட்டினானாம். அவர் ரொம்ப நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, பேன்டம் என்ற பெயரையே தான் கேள்விப்பட்டதில்லை என்றாராம்.

அந்தப் பதிலைக் கேட்ட இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இத்தனை வருஷம் உங்களுக்கு உண்மை பேசச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

பல வருஷங்களுக்கு முன்பு நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் சைக்கிள் பெடல், மருத்துவமனையில் வீசி எறிந்த குளுக்கோஸ் டியூப், தகர டப்பா இவற்றை வைத்து, பெடலைச் சுற்றினால் கீழே உள்ள வாளியிலிருந்து தண்ணீர் மேலே ஏறும்படி ஒன்று செய்து கொண்டுவந்தான். பார்க்க அசிங்கமாக இருந்தது. கயிறு போட்டுக் கட்டியிருந்தான். ஆனால் தண்ணீர் ஏறியது. அவன் நண்பன் ஒருவன், அப்பாவுக்குப் பட்டறை உண்டு, அதே யோசனையில் நாலு நாளில் பளபளவென்று பெயின்ட் அடித்து, இரும்புச் சட்டம் வைத்து இன்னொன்று செய்து வந்தான். மாவட்டக் கண்காட்சிக்கு ஒன்றைத்தான் அனுப்ப முடியும். நான் பளபளப்பானதை அனுப்பினேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. முதலில் செய்தவனைக் கூப்பிட்டு, "நீயும் கூடப் போ, வாளியில் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்" என்றேன். அவன் போனான். நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றினான். இரண்டாம் பரிசு கிடைத்தது. அட்டையில் ஒரு பெயர்தான் இருந்தது. அது அவன் பெயர் இல்லை.

இதை நான் மறந்தே போனேன். போன வருஷம் பழைய மாணவர் சந்திப்பில் தலை நரைக்க ஆரம்பித்த ஒருவன் வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். யாரென்று எனக்குப் பிடிபடவில்லை. சிரித்துக்கொண்டே, "டீச்சர், நான்தான் அந்த வாளி" என்றான். அவன் சிரித்தான், என்னால் சிரிக்க முடியவில்லை.

பேன்டம் கதையைப் படிக்கும்போது அமெரிக்க ராணுவத்தின் மேல் எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். அவர்கள் சொன்ன காரணம் பொய் இல்லை. லட்சக்கணக்கில் வண்டி வேண்டிய நேரத்தில் பட்லர் பட்டறையால் அவ்வளவு செய்திருக்க முடியாது. வில்லிஸ் எஞ்சின் மேலானது என்பதும் உண்மை. என் காரணமும் பொய் இல்லை. மாவட்டத்தில் கயிறு கட்டிய பொருளை நடுவர்கள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். வேலையைப் பெரிய கைக்குக் கொடுப்பதற்குச் சில நேரம் நியாயம் இருக்கிறது. ஆனால் முதலில் செய்தவன் பெயரை விட்டுவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. அட்டையில் இன்னொரு பெயர் எழுத எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

பேன்டத்துக்கும் ஒருவிதமாக நியாயம் கிடைத்தது, தாமதமாக. ஜீப்பைத் தாங்களே உருவாக்கியதாக வில்லிஸ் விளம்பரம் செய்தது. அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 1943ல் அதன் மேல் புகார் எழுப்பியது. 1948ல் தீர்ப்பு வந்தது. ஜீப்பின் யோசனை பேன்டமும் ராணுவ அதிகாரிகளும் சேர்ந்து உருவாக்கியது, அதை உருவாக்கியதாக வில்லிஸ் சொல்லிக்கொள்ளக் கூடாது என்றார்கள். நல்ல தீர்ப்புதான். ஆனால் இரண்டே வருஷத்தில், 1950ல், ஜீப் என்ற பெயர் வில்லிஸின் வணிகச் சின்னமாகப் பதிவானது. போருக்குப் பிறகு பேன்டம் கார் செய்யவே இல்லை. டிரெய்லர் செய்துகொண்டிருந்தது. 1950களின் நடுவில் அந்தக் கதவும் மூடியது.

தீர்ப்பு காகிதத்தில் இருக்கிறது. ஆனால் ஓஹியோவில் ஒரு வீட்டுக் கொல்லையில் அந்தப் பெயர் நாலு பூச்சு பெயின்ட்டுக்கு அடியில் கிடந்தது. ஒரு சின்னப் பெண்ணின் விரல் பட்டதால் வெளியே வந்தது. இல்லாவிட்டால் இந்த வருஷம் காயலான் கடைக்குப் போயிருக்கும்.

நானும் ஒன்று செய்தேன். அந்தக் கண்காட்சியில் எடுத்த புகைப்படம் என் ஆல்பத்தில் இருந்தது. பளபளப்பான மாதிரி, பக்கத்தில் பரிசு வாங்கியவன், ஓரத்தில் வாளியோடு பாதி உருவம். அதன் பின்பக்கம் இரண்டு பெயரையும் எழுதினேன். முதலில் யோசித்துச் செய்தவன் யார், அதைப் பார்த்து நேர்த்தியாகச் செய்தவன் யார் என்று தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவன் கடைக்கே போய்க் கொடுத்தேன். திருப்பிப் படித்தான். "எதுக்கு டீச்சர் இதெல்லாம்" என்றான். பிறகு கடையில் இருந்த பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னான். இங்கே பெயர் போடட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம், அவனும் என் சிநேகிதன்தான், இன்னும் போக்குவரத்து இருக்கு" என்று சொல்லிவிட்டான். அதனால் இரண்டு பெயரையும் போடவில்லை.

ஓஹியோ மாணவன் டிரெய்லரை விற்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டான். குளிர்காலத்துக்கு விறகு கொண்டுவர வைத்துக்கொள்ளப் போகிறானாம். அண்ணன் அதற்கும் யோசனை சொன்னார். பழைய டயரை அப்படியே ரோட்டில் இறக்காதே, மாற்று. சக்கர பேரிங்கைக் கழற்றிச் சுத்தம் செய்து புது கிரீஸ் வை. பாரத்தைப் பின்னால் குவிக்காதே, கொக்கிப் பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். இல்லாவிட்டால் வண்டி வால் ஆட்டும். புதுப் பெயின்ட் அடிப்பதற்கு முன் பழைய பூச்சுகளையும் எண்களையும் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வை. தகட்டின் மேல் மட்டும் பெயின்ட் படக் கூடாது.

கடைசி வரியை உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் பழைய தையல் மிஷின், கடிகாரம், பம்புசெட், தாத்தாவின் சைக்கிள் என்று ஏதாவது இருக்கும். தூக்கிப் போடுவதற்கு முன், பெயின்ட் அடிப்பதற்கு முன், அதில் தகடு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். யார் செய்தது என்று பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். அலுவலகத்தில் உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் சொன்ன யோசனையை மேலே அனுப்பும்போது அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு நிமிஷம்தான் ஆகும்.

படம் எடுத்தால் எனக்கும் அனுப்புங்கள். தெரிந்தால் சொல்கிறேன், தெரியாவிட்டால் அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன்.

அடுத்த பதிவில் சந்திப்போம். எல்லோரும் நலமாக இருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்